பன்னிரண்டு குடுவையிலும் ஒன்பது

திங்கட்கிழமை காலை. லேப் அக்காவின் இரண்டு கைகளும் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே இருந்தன, மற்றபடி அவள் வெளியே இருந்தாள். இடது கை ஒரு தட்டையான பிளாஸ்டிக் குடுவையைச் சாய்த்துப் பிடித்திருந்தது. வலது கை ஒரு மெல்லிய குழாயால் பழைய நீரைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சி எடுத்துவிட்டு, புது நீரைக் குடுவையின் சுவரோரமாக வழியவிட்டது. நேராக ஊற்றினால் அடியில் ஒட்டியிருக்கும் செல்கள் பிய்ந்து வந்துவிடும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஓரமாகத்தான் விட வேண்டும்.

அந்த நீர்தான் செல்களுக்குச் சோறு. ஊற்றும்போது இளஞ்சிவப்பாக இருக்கும், தின்று கழித்துவிட்டால் மஞ்சளாகும். நிறத்தைப் பார்த்தே யார் சாப்பிட்டார்கள், யார் சோம்பிக் கிடக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

ஒன்பதாம் எண்ணை முடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று முடித்தாள். நான்காம் எண்ணை எடுத்தபோது கை நின்றது. குடுவை மஞ்சளாக இருந்தது. சனிக்கிழமைதான் மாற்றியிருந்தாள்.

"கிழவருக்கு எதுக்கு இவ்வளவு பசி?" என்று வாய்விட்டே கேட்டாள்.

அறையில் வேறு ஆள் இல்லை. காற்று வடிகட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை அது. ஒரு பக்கம் கை நுழைக்கும் கண்ணாடிப் பெட்டி. எதிர்ப்பக்கம் உடம்புச் சூட்டை அப்படியே வைத்திருக்கும் இன்குபேட்டர். அதன் கதவைத் திறந்தால் யாரோ முகத்துக்கு நேரே மூச்சு விட்டதுபோல் வெதுவெதுவென்று ஈரக்காற்று வரும். புதிதாக வருகிறவர்கள் அதற்கு ஒரு அடி பின்னால் போவார்கள். லேப் அக்கா ஒருநாளும் போனதில்லை. பதினோரு வருஷம் வார்டில் ஆயாவாக இருந்தவள். மனித மூச்சுக்கு முகம் சுளிக்கிறவளாக இருந்திருந்தால் அந்த வேலையில் பதினோரு நாள் தாங்கியிருக்க மாட்டாள்.

வார்டில் அவள் குளிப்பாட்டாத உடம்பு இல்லை. ஆணோ பெண்ணோ, கத்துகிறவரோ கும்பிடுகிறவரோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். புரட்டிப் போடு, துடை, பவுடர் போடு, அடுத்த கட்டிலுக்குப் போ. புரட்டிப் புரட்டி முதுகெலும்பில் ஒரு தட்டு நழுவியது. இனி ஆளைத் தூக்கக் கூடாது என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் எலும்பு ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா கைநடுக்கம் இல்லாத ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். நாலு பேரைக் கூப்பிட்டு ஊசித் துவாரத்தில் நூல் கோர்க்கச் சொன்னார். லேப் அக்கா கண்ணாடி இல்லாமலே கோர்த்தாள். படிப்பு பத்தாவதோடு சரி. எட்டு வருஷமாக இதே அறை. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் லேப் அக்காதான்.

வேலை சொல்வதற்குச் சுலபம். இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷனில் வெட்டித் தூக்கிப் போடும் எலும்பு கீழே வரும். அதைக் கழுவி, அரிசி அளவுக்குத் துண்டு போட்டு, குடுவையில் நீர் விட்டு வைத்தால், ஒரு வாரம் பத்து நாளில் எலும்பு கட்டும் செல்கள் துண்டிலிருந்து இறங்கி வெளியே நடக்கத் தொடங்கும். வாசலில் சத்தம் கேட்டால் ஒவ்வொருவராக எட்டிப் பார்ப்பார்களே, அப்படி. ஆளுக்கு ஒரு எண். மொத்தம் பன்னிரண்டு பேர். அந்தச் செல்களின் முன்னால் டாக்டரம்மா செய்த செயற்கை எலும்புத் துகளை வைப்பார்கள். கல்லுப்பு மாதிரி வெள்ளைத் துகள், உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டைகள். செல்களுக்குப் பிடித்தால் மேலே ஏறிக் கால் பரப்பி உட்கார்ந்து, சுண்ணாம்பு கட்டத் தொடங்கும். பிடிக்காவிட்டால் சுருண்டு உருண்டையாகி, மிதந்து போகும்.

பன்னிரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. பிடித்ததோடு நிற்கவில்லை. டாக்டரம்மாவைத் தூங்கவிடாத ஒரு அதிசயமும் நடந்தது. குடுவைக்குள்ளே செல்லுக்கும் முதுமை உண்டு. மூன்று நான்கு மாதத்தில் பெருத்து, தளர்ந்து, பெருகுவதை நிறுத்திவிடும். அப்போது உறைபெட்டியில் சேமித்ததிலிருந்து ஒரு சிமிழை எடுத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஆனால் துகள் ஊறிய நீரைக் குடித்து வந்த இந்தப் பன்னிரண்டும் ஆறு வருஷமாகக் கிழடு தட்டவே இல்லை. துகளுக்கு இளமையைக் காக்கும் குணம் இருக்கிறது என்று டாக்டரம்மா கட்டுரை எழுதினார். மாநாட்டில் எழுந்து நின்று கை தட்டினார்களாம். முயல்களின் காலில் வைத்துப் பார்த்தபோது பாதி சேர்ந்தது, பாதி சேரவில்லை. முயல் முயல்தானே, மனுஷ செல்லே ஒத்துக்கொள்ளும்போது முயலுக்கு என்ன என்று விட்டுவிட்டார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை, முதன்முதலாக ஒரு மனிதக் காலில் அந்தத் துகளை வைக்கப் போகிறார்கள். அந்தக் கால் லேப் அக்காவின் நாத்தனாருடையது.

மஞ்சள் குடுவையை லேப் அக்கா மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தாள்.

நாலாம் எண் எழுபத்து நாலு வயதுக் கிழவர். முதல் வருஷத்தில் அவருடைய செல்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். அகலமாக, மெத்தனமாக, ஒன்றுக்கொன்று இடம் விட்டுப் படுத்திருக்கும். இப்போது பார்த்தால் இடமே இல்லை. ஒல்லியான செல்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குடுவையின் ஓரத்தில் ஒரு சுழியாகத் திரும்பியிருந்தன. கையால் கோதிவிட்ட தலைமுடி மாதிரி. சுழி இடப்பக்கம் திரும்பியது.

அந்தச் சுழியை அவளுக்குத் தெரியும். தினமும் முதலில் பார்க்கிற சுழி அது.

ஒன்பதாம் எண்ணை எடுத்து வைத்தாள். அதே சுழி. ஒன்றாம் எண், இரண்டாம் எண். ஒரு குடுவையில் கொஞ்சம் பெரிதாக, ஒன்றில் கொஞ்சம் சிறிதாக, எல்லாம் இடப்பக்கமாக. ஏழில் மட்டும் இரண்டு மூன்று அகலச் செல்கள் கூட்டத்தின் நடுவில் தனியாகக் கிடந்தன. விருந்தாளிகள் வந்து வீட்டையே பிடித்துக்கொண்டபின் மூலையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் மாதிரி. பன்னிரண்டையும் பார்த்து முடித்தாள். இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? பார்த்தாள். எல்லாம் நன்றாக வளர்கிறது என்று சந்தோஷப்பட்டு, கதவைச் சாத்தினாள்.

ஒன்பதாம் எண் மற்றவர்களைப் போல இடுப்பு எலும்பு இல்லை. தொடை எலும்பில் புற்றுக்கட்டி வந்த பதினெட்டு வயதுப் பெண். கட்டிச் செல் எதன்மேலும் ஒட்டும், எதைக் கொடுத்தாலும் வளரும், சாகாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருக்கட்டும் என்று டாக்டரம்மா வைத்திருந்தார். லேப் அக்காவின் முதல் வாரத்தில், ஆபரேஷன் அறையிலிருந்து அந்தச் சின்ன டப்பாவைக் கீழே கொண்டுவந்தவள் அவள்தான். அதற்கு முந்தைய மாதம் அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டியவளும் அவள்தான். ஓயாமல் பசிக்கிறது என்று சொல்லும் பெண். பக்கத்துக் கட்டில்காரர்கள் மிச்சம் வைத்ததையும் கேட்டு வாங்கிச் சாப்பிடும். காலை எடுத்தும் ஐந்து மாதத்தில் போய்விட்டது.

செத்து எட்டு வருஷம் ஆகப்போகிறது. இந்த அறையில் அவள் பன்னிரண்டு பேராக இருந்தாள்.

எப்படி நடந்தது என்று யோசிக்க லேப் அக்காவுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. "ஒன்பதை எப்பவும் கடைசியில கவனிங்க, அதுக்குத் தனி பாட்டில்" என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரு வருஷம் அப்படித்தான் செய்தாள். பிறகு டாக்டரம்மா ஆறு மாதம் படிப்புக்காக வெளியூர் போனார். தன் முறை வருவதற்குள் ஒன்பது மஞ்சளாகி வாடிக் கிடக்கும். வார்டில் ஒரு பழக்கம் உண்டு. பசி தாங்காமல் கூச்சல் போடுகிற கட்டிலுக்கு முதலில் தட்டை வைத்துவிட்டால் மற்ற வேலை நிம்மதியாக நடக்கும். அவள் ஒன்பதை முதலில் கவனிக்கத் தொடங்கினாள். தனி பாட்டிலும் எதற்கு, பன்னிரண்டுக்கும் ஒரே நீர்தானே என்று ஒரே பாட்டிலில் எடுத்தாள். குழாயின் நுனி என்றோ ஒருநாள் ஒன்பதின் கழுத்தைத் தொட்டிருக்கும். அது மறுபடி பாட்டிலுக்குள் போயிருக்கும். ஒரு செல் போதும். மற்றவர்கள் பத்து நாளைக்கு ஒருமுறை இரட்டித்தால் ஒன்பது ஒரே நாளில் இரட்டிக்கும்.

யாருடைய கை என்று தேட வேண்டியதில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கையை ஒருமுறை பார்த்தாள். பிறகு உறைபெட்டியின் சாவியை எடுத்தாள்.

உறைபெட்டியின் மூடியைத் திறந்ததும் வெண்புகை வழிந்து தரையில் பரவி, அவள் செருப்பைச் சுற்றியது. பக்கத்தில் தொங்கிய நோட்டில் கடைசிப் பதிவு ஆறேகால் வருஷத்துக்கு முந்தையது. யாருக்கும் வயதாகவில்லை, அதனால் யாரும் திறக்கவில்லை. அடித்தட்டில், முதல் வருஷத்தில் அவளே எழுதி ஒட்டிய சிமிழ்கள் இருந்தன. ஒன்பதை முதலாவதாக மாற்றுவதற்கு முன்னால் உறைய வைத்தவை. இரண்டு, நாலு, ஏழு என்று மூன்று சிமிழ்களை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் ஆட்டி இளக்கினாள். ஒவ்வொன்றையும் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வெறும் தட்டிலும், இன்னொரு பாதியைத் துகள் வைத்த தட்டிலும் விட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்பதிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, கடைசியாக, துகள் வைத்த இன்னொரு தட்டில் விட்டாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாட்டில். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மூன்று நாள் ஆகும். அதற்கு முன்னால் சொல்ல எதுவும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது.

"வாங்க அண்ணி, வாங்க. என் துணிப்பையைப் பாத்தீங்களா? அந்த நீலப் பை. ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா ஒரு மரியாதையாப் போக வேண்டாமா? போன தடவை பிளாஸ்டிக் கவர்ல துணி எடுத்துட்டுப் போனதுக்கு அந்த நர்ஸ் என்னைக் காய்கறி விக்க வந்தவன்னு நினைச்சா."

நாத்தனாருக்கு வீட்டில் பெயர் ரேடியோ. அண்ணன் வைத்த பெயர். வைத்தவர் போய்ப் பல வருஷம் ஆகியும் ரேடியோ நிற்கவில்லை. இரண்டு அறை வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி பேசுவாள், இன்னொருத்தி சமைப்பாள். பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை ரேடியோவுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்பு, பின்னோக்கி வந்த வேன் அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பை நொறுக்கியது. நொறுங்கியதை எடுத்ததில் நாலு சென்டிமீட்டர் இடைவெளி. அன்றிலிருந்து காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், வளையத்திலிருந்து கம்பிகள் சதைக்குள். எலும்பு இன்னும் சேரவில்லை. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்கலாம் என்று எலும்பு டாக்டர் சொன்னபோது, "நல்லா இருக்கிற இடத்தையும் வெட்டணுமா?" என்று இவள் மறுத்துவிட்டாள். அப்புறம்தான் துகள் பேச்சு வந்தது. இனியும் தள்ளிப்போட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமையோட இந்தக் கூண்டுக்கு நாள் எண்ண ஆரம்பிக்கலாம் அண்ணி. இத்தனை நாள் இதுக்குள்ள ஒரு புறாவாவது வளத்திருக்கலாம்."

லேப் அக்கா அவள் காலருகே உட்கார்ந்தாள். கம்பிகள் சதைக்குள் போகும் இடங்களை உப்புநீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மொத்தம் பத்து இடம்.

"என்ன, ஒரு திட்டு கூடக் காணோம்? உங்க உடம்புக்கு ஏதாவதா?"

"ஆடாம உக்காரு."

புதன்கிழமை ரேடியோ நீலப் பையோடு மூன்றாம் மாடி வார்டில் சேர்ந்தாள். வியாழன் காலை லேப் அக்கா இன்குபேட்டரைத் திறந்தாள்.

வெறும் தட்டுகளில் மூன்று பேரும் நலமாக இருந்தார்கள். அகலமாக, இடம் விட்டு, மெத்தனமாக. நாலாம் எண் கிழவரை ஏழு வருஷத்துக்குப் பின் பார்க்கிறாள். பழைய நோயாளியை வராந்தாவில் பார்த்தால் அடையாளம் தெரியுமே, அப்படித் தெரிந்தது.

பிறகு துகள் வைத்த தட்டு. துகளைச் சுற்றி வட்டமாக வெறும் தரை. யாரோ கோடு போட்டு, இதைத் தாண்டாதே என்று சொன்ன மாதிரி. கோட்டுக்கு வெளியே செல்கள் காலை உள்ளே இழுத்துச் சுருண்டிருந்தன. அதற்கும் அப்பால் செத்தவை பளபளவென்று உருண்டையாக மிதந்தன. தட்டை லேசாக அசைத்தால் எல்லாம் ஒரே திசையில் ஆடின. இரண்டு, நாலு, ஏழு என்று மூவருக்கும் அதே வெறும் வட்டம்.

பக்கத்துத் தட்டில், அதே துகளின்மேல், ஒன்பது ஏறி உட்கார்ந்து சுண்ணாம்பு கட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா வந்ததும் லேப் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பாருங்க" என்றாள்.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். தட்டை மாற்றி மாற்றிப் பார்த்தார். பன்னிரண்டு குடுவைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கண்ணை எடுத்தபோது கண்ணைச் சுற்றி ரப்பர் வளையத்தின் தடம் பதிந்திருந்தது.

"பழைய செல்லு, இளக்கும்போது அடி வாங்கியிருக்கலாம்" என்றார்.

"அடி வாங்கினதுன்னா வெறும் தட்டுலயும் செத்திருக்கணும், டாக்டரம்மா."

"எப்போலருந்து?"

"நீங்க வெளியூர் போனப்ப. ஒன்பதை முதல்ல கவனிச்சேன். ஒரே பாட்டில்."

"நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

டாக்டரம்மா எழுந்தார். உட்கார்ந்தார். "நாலையும் ஏழையும் மூணு ஊருக்கு அனுப்பியிருக்கோம்" என்றார். பெருமூச்சுகூட இல்லாமல், அறையின் சுவரைப் பார்த்துச் சொன்னார். நல்ல செல், வயசாகாத செல், எங்களுக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியவர்கள் அவர்கள். பஞ்சு சுற்றிய பெட்டியில், கிழவரின் எண் எழுதி, தபாலில் போனவள் ஒன்பது.

"நாளைக்கு ஆபரேஷன்" என்றாள் லேப் அக்கா.

"தெரியும். நான் எலும்பு டாக்டர்கிட்ட பேசறேன். நீங்க இருங்க."

டாக்டரம்மா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். லேப் அக்கா பத்து மணிவரை காத்திருந்தாள். பதினொன்று. பன்னிரண்டு. கதவின் கண்ணாடி வழியே பார்த்தால், டாக்டரம்மா போனை முன்னால் வைத்துக்கொண்டு, எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். எட்டு வருஷம் கட்டிய வீட்டைத் தன் வாயாலேயே இடிக்கச் சொல்ல எந்த வாய்க்குத்தான் உடனே வரும்? அதற்காகக் காத்திருக்க லேப் அக்காவிடம் நேரம் இல்லை. மாடிக்குப் போய், வார்டு நர்ஸிடம் சொல்லிவிட்டு, ரேடியோவைச் சக்கர நாற்காலியில் ஏற்றினாள்.

"எங்கே கடத்திட்டுப் போறீங்க? சாப்பாடு வர்ற நேரம்."

"என் அறைக்கு."

"எட்டு வருஷமா உள்ள விடமாட்டேன்னீங்க. இன்னைக்கு என்ன திடீர்னு திறப்பு விழா?"

லிப்டில் இருந்தவரை பேசினாள். ஜன்னல் இல்லாத அறைக்குள் நுழைந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். உறுமல் சத்தத்தைக் கேட்டாள். மைக்ரோஸ்கோப்பை அவள் உயரத்துக்கு இறக்கி வைத்து, முதலில் ஒன்பதைக் காட்டினாள் லேப் அக்கா.

"இது என்ன, பூரான் கூட்டமா?"

"எலும்புச் செல்லு. ஒரு பொண்ணோடது. அவ செத்துட்டா."

"செத்துப் போனவ ஏன் இப்படி நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கறா?"

"அவளுக்கு நிறுத்தத் தெரியாது." லேப் அக்கா அடுத்த தட்டை வைத்தாள். "இது ஒரு கிழவர். உன்னை மாதிரி, என்னை மாதிரி சாதாரண எலும்பு. அந்த வெள்ளையா இருக்கிறதுதான் துகள்."

ரேடியோ பார்த்துக்கொண்டே இருந்தாள். "சுத்தி ஏன் இடம் விட்டிருக்காங்க?"

"பிடிக்கலை. கிட்டப் போனதெல்லாம் செத்திருக்கு."

"இதையா எனக்குள்ள வைக்கப் போறாங்க?"

"ஆமா."

"அந்தப் பொண்ணும் கூட வருவாளா?" ரேடியோவின் குரல் சட்டென்று இறங்கியிருந்தது.

"வர மாட்டா. துகள் மட்டும்தான். அதுல செல்லு கிடையாது. ஆனா அது நல்ல துகள்னு சாட்சி சொன்னது அவ ஒருத்திதான். பன்னிரண்டு பேர் சொன்னாங்கன்னு நாங்க நினைச்சோம்."

"பன்னிரண்டு பேரையும் அவ..."

"தின்னலை. இடத்தைப் பிடிச்சுக்கிட்டா."

இன்குபேட்டர் தன்பாட்டுக்கு ஒருமுறை க்ளிக்கென்று சத்தம் போட்டது. ரேடியோ நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"யாரு கலந்தது?"

"நான்தான். ஒரே குழாயை ரெண்டுத்துலயும் விட்டேன்."

ரேடியோ திரும்பி அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள். "குழம்புக் கரண்டியைத் தயிர்ல விட்டேன்னு என்கிட்ட மூணு நாள் பேசாம இருந்தீங்க."

"ஆமா."

"சொல்லிக்காட்ட இது நல்ல சமயம் இல்லை. அப்புறம் சொல்லிக்காட்டறேன். வருஷக்கணக்கா வச்சுச் சொல்லிக்காட்டறேன்." மறுபடி தட்டுக்குள் குனிந்தாள். வெறும் வட்டத்தைப் பார்த்தாள். வெளியே சுருண்டிருப்பவர்களைப் பார்த்தாள். "வேண்டாம்னு சொன்னா காலு?"

லேப் அக்கா பொய் சொல்லிப் பழகாதவள். "இடுப்புல இருந்து எடுத்து வைக்கலாம். வலிக்கும். கால்ல வலிக்கிறதைவிட இடுப்புலதான் அதிகமா வலிக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. அப்பவும் சேராமப் போகலாம். சேரலைன்னா காலை எடுக்க வேண்டியதுதான்."

"இதை வச்சா?"

"சேராது. புண்ணாகும். எடுக்க வேண்டியதுதான்."

"அப்போ இதுல யோசிக்க என்ன இருக்கு? என்னை மேல தள்ளுங்க. சாப்பாடு ஆறிடும்."

மாலை மூன்று மணிக்கு எலும்பு டாக்டர் வார்டைச் சுற்றி வந்தபோது ரேடியோவே சொன்னாள். அவர் லேப் அக்காவைப் பார்த்தார், கீழே போய் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தார், திரும்பி வந்தார்.

"இடுப்புல இருந்து எடுத்தா நாலு சென்டிமீட்டருக்குப் போதும். ஆனா சேரும்னு நான் எழுதித் தர மாட்டேன்."

"எழுதித் தந்தாலும் உங்க கையெழுத்தை யாரு படிக்கறது?" என்றாள் ரேடியோ.

நாலு மணிக்கு டாக்டரம்மா படியேறி வந்தார். லிப்டுக்குக்கூட நிற்கவில்லை போலிருக்கிறது, மூச்சு வாங்கியது. கையில் ஒரு கடிதம். பரிசோதனையை நிறுத்துகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். முன்பே முடிவாகிவிட்டது என்று தெரிந்ததும் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் மூணு மணி நேரம் முன்னாடி வந்திருக்கணும்" என்றார் ரேடியோவிடம்.

"வந்தீங்கல்ல" என்றாள் ரேடியோ. "காலை விட்டுக் கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கம்பி குத்தும்."

டாக்டரம்மா லேப் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "உங்களை நான் என்ன செய்யறது?"

"அதை நீங்க முடிவு பண்ணுங்க. குடுவையை நாளைக்குக் காலையில நானே அழிச்சுடறேன். வேற யாரும் தொட வேண்டாம்."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு லேப் அக்கா கீழ்த்தளத்தைத் திறந்தாள். பன்னிரண்டு குடுவைகளையும் ஒரே வரிசையில் வைத்து, பிளீச்சிங் கரைசலை ஊற்றினாள். இளஞ்சிவப்பு ஒவ்வொன்றாக வெளுத்தது. அரை மணி நேரம் விட வேண்டும் என்பது விதி. கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதி நேரத்தில் ஒன்பதாம் குடுவையை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். சுழி மெதுவாகக் கலைந்துகொண்டிருந்தது. நேரம் முடிந்ததும் எல்லாவற்றையும் தொட்டியில் ஊற்றி, குடுவைகளை மஞ்சள் பையில் போட்டுக் கட்டினாள். உறைபெட்டியில் ஒன்பதின் சிமிழ்கள் இன்னும் பத்தொன்பது இருந்தன. அவற்றை அழிக்க டாக்டரம்மாவின் கையெழுத்து வேண்டும். அடுக்கைத் தனியே பிரித்து, சிவப்பு நாடா சுற்றி, மூடினாள்.

எட்டு மணிக்கு ஆபரேஷன் அறை வாசலில் ரேடியோவின் சம்மதத் தாளில் உறவினர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இடுப்பு எலும்பு என்று எழுதியிருக்கிறதா என்று இரண்டு முறை படித்தாள்.

"நான் வர்றவரைக்கும் என் பையை யாரும் தொடக் கூடாது" என்றபடி ரேடியோ உள்ளே போனாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, லேப் அக்கா மூன்று ஊர்களுக்கும் போன் போட்டாள். முதல் ஊரில் கேட்டவர் திட்டினார். இரண்டாவது ஊரில் நம்பாமல் மூன்று முறை திருப்பிக் கேட்டார்கள். மூன்றாவது ஊரில் ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"உங்க நாலாம் நம்பரா? அது ரொம்ப நல்லா வளருதுங்க அக்கா. சாகவே மாட்டேங்குது. நாங்க இங்கே அஞ்சு பேருக்குப் பிரிச்சுக் கொடுத்திருக்கோம்."

"யாரு யாருக்கு? சொல்லு, எழுதிக்கறேன்."

ஐந்து பேரின் போன் எண்களையும் எழுதிக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்கு ரேடியோவை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண் திறக்கவில்லை. வாய் மட்டும், இடுப்பு, இடுப்பு என்று முனகியது. கட்டிலில் போட்டதும் லேப் அக்கா போர்வையை விலக்கி, கூண்டுக்குக் கீழே இருந்த விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி விட்டாள். வெளுத்து, மறுபடி சிவந்தன. ஐந்து விரல்களையும் பார்த்தாள். பிறகு போர்வையை இழுத்து மூடி, வராந்தாவுக்கு வந்து, தாளில் இருந்த முதல் எண்ணைப் போட்டாள்.